மஞ்சளுக்கு அடியில் ஒரு ரோடு

வழி தெரியாது என்று சொல்லும் டிரைவர் ஜெயங்கொண்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. அப்படியே பிறந்திருந்தாலும் அது அய்யம்பெருமாளாக இருக்க வாய்ப்பில்லை. விருத்தாசலம் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். எந்தக் குறுக்குச் சாலை எந்த ஊரில் போய் முட்டும், எந்த முந்திரித் தோப்பு ஓரம் ஆடு குறுக்கே பாயும், எந்த வேகத்தடை நேற்று ராத்திரி முளைத்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாராவது வழி கேட்டால், தெரியாத ஊராக இருந்தாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவார். கேட்டவன் ஊரைச் சுற்றிவிட்டு வந்து சண்டை பிடித்தால், "நான் சொன்ன எடத்துல நீ திரும்பல" என்பார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் இன்ஜினியர் மேகலா, மேஜைமேல் பெரிய தாள் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு, "புரிஞ்சுதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"நல்லாப் புரிஞ்சுதும்மா" என்றார் அய்யம்பெருமாள். அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

தாள் முழுக்கக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. நடுநடுவே தோசையை நாலாக வெட்டி ஒரு துண்டை வைத்ததுபோலக் கால் வட்டங்கள். மேகலா பாவம், ஒன்றையும் ஒளிக்கவில்லை. கால் வட்டம் இருந்தால் அங்கே கதவு, சுவருக்குள் மெல்லிய கோடுகள் ஓடினால் அது ஜன்னல், மூலையில் இருக்கிற அம்புக்குறி வடக்கு என்று பொறுமையாகச் சொன்னாள். "இதுதான் ரோடு சார், இப்படித்தான் உள்ள வரோம்" என்று பேனா நுனியால் தொட்டும் காட்டினாள். அந்த நேரம் பார்த்து அய்யம்பெருமாள் கூட வந்திருந்த தன் மைத்துனன் பூமாலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமாலை வரதராஜன்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், பிறவிக் கேலிக்காரன். அவனுக்குப் புரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதுதான் அவருக்கு அவசரமாக இருந்தது. அவன் தலையை ஆட்டினான். இவர் அவனைவிட ஒரு ஆட்டம் கூடுதலாக ஆட்டிவைத்தார்.

வீட்டுக்கு வரைபடம் போட முதன்முதல் போனபோதும் இப்படித்தான். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ரூம் வேண்டும் என்றெல்லாம் மேகலா கேட்டாள். "அக்கா என்ன பண்றாங்க சார்?" என்றும் கேட்டாள்.

"வூட்டுலதாம்மா இருக்கு. சாமான் செட்டு கொஞ்சம் கூடுதலாக் கெடக்கு, போட்டு வைக்க ஒரு ரூம் குடுத்துடு" என்றார் அவர். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. யார் கேட்டாலும் வாயில் தயாராக இருக்கும் பதில். மேகலாவும் சமையலறைக்குப் பின்னால் அடக்கமாக ஒரு ஸ்டோர் ரூம் வரைந்துவிட்டாள்.

அந்தக் 'கொஞ்சம் சாமான் செட்டை' இங்கே சொல்லியாக வேண்டும். அய்யம்பெருமாளின் மனைவி புவனேஸ்வரி விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். ஜெயங்கொண்டத்தைச் சுற்றி ஒரு காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்றால் அவளுடைய அண்டாவும் தேக்சாவும் போகாமல் நடக்காது. இப்போது அவர்கள் இருக்கிற வாடகை வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் குண்டான், பீரோ மேல் தாம்பாளம், குளிக்கிற இடத்தில் கரண்டிக் கட்டு. அய்யம்பெருமாள் பல வருஷமாக ஒரு இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் தலை வைத்துத்தான் தூங்குகிறார். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது அந்தச் சந்துதான். லோடு வண்டி சந்துக்குள் நுழையாது. ஒவ்வொரு தடவையும் புவனேஸ்வரி அத்தனை பாத்திரத்தையும் இடுப்பிலும் தலையிலுமாக மெயின் ரோடு வரைக்கும் சுமந்து ஏற்றுவாள். திரும்பி வந்ததும் அதேபோல் சுமந்து இறக்குவாள். வலது தோளில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

சொந்தமாக மனை வாங்கியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டைல்ஸு, பால்கனி எதுவும் எனக்கு வேணாங்க. ரோட்டுப் பக்கமா ஒரு ரூம். வண்டி வந்து பின்னாடி காட்டி நின்னா நேரா ஏத்தணும், நேரா எறக்கணும். அவ்ளோதான்."

"அவ்ளோதான? நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார் அய்யம்பெருமாள். இன்ஜினியரைப் பார்க்கத் தானும் வருகிறேன் என்று அவள் கிளம்பியபோது, "நீ எதுக்கு அங்க? வளைகாப்புக்குப் பாத்திரம் போவணும்ல, அதப் பாரு" என்று தடுத்ததும் அவர்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. பெண்டாட்டிக்கு எதிரில் தலையாட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

சரி, பிளான் கைக்கு வந்துவிட்டது. புதுக் காகிதம் எது வந்தாலும் மஞ்சள் வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். தாளை விரித்து நாலு மூலையிலும் குழைத்த மஞ்சள் வைத்தார். மற்றவர்கள் தொட்டு வைப்பார்கள், அவர் அப்பி வைப்பார். மேலே நட்டநடுவில் பிள்ளையார் சுழி போட்டு, அதைச் சுற்றி இன்னும் தாராளமாகப் பூசிக் குங்குமமும் வைத்தார். மேல் மூலையில் இருந்த வடக்கு அம்பு மஞ்சளுக்குள் போனது. நட்டநடுவில் இங்கிலீஷில் ரோடு என்று எழுதியிருந்ததும் பிள்ளையார் சுழிக்குள் போய்ச் சேர்ந்தது. பிள்ளையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை அண்டா மேல் விரித்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்த தோரணையில் அதன் முன்னால் உட்கார்ந்தார். தன் வயிற்றுப் பக்கம் இருக்கிற ஓரம்தான் தெருப்பக்கம் என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. அங்கே பார்த்தால் ஒரு கால் வட்டமும் இருந்தது. அது கொல்லைப்புறக் கதவு. அவர் அதைத் தலைவாசல் ஆக்கினார்.

"இங்க பாரு புவனா. கீழருந்து ஏறுறோம். ஏறுன ஒடனே ரைட்டுல என்ன எழுதிருக்கு? ஸ்டோர். உன் பாத்திர ரூம்!"

புவனேஸ்வரி குனிந்து பார்த்தாள். "ரோட்டுப் பக்கமேவா?"

"ரோட்டுப் பக்கமேதான். வண்டி வாசப்படியில வந்து நிக்கும்."

"கதவு அகலம் பத்துமாங்க? பெரிய அண்டா போவுமா?"

"அண்டா என்ன, யானையே போவும்."

அவள் அந்தச் சின்னக் கட்டத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டிய தோளையும் தானாகவே ஒருதரம் தடவிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அய்யம்பெருமாளுக்குத் தாஜ்மகாலைக் கட்டிக் கொடுத்துவிட்ட சந்தோஷம் வந்தது.

"இது என்னங்க, வூட்டுக்கு வெளியே புள்ளி புள்ளியா ஒரு கட்டம்?" என்று கேட்டாள்.

அவருக்கு என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லவா முடியும்? நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற மனிதருக்கு, தான் ஓட்டாமல் தானாக ஆடுகிற ஒரு இருக்கையில் உட்கார வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "அதுவா? ஊஞ்சல் போடற எடம்" என்றார். சொன்ன பிறகு அது அவருக்கே உண்மையாகத் தெரிந்தது.

அன்று முதல் அவரைப் பிடிக்க முடியவில்லை. பிளானைப் போட்டோ எடுத்து டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டார். ஊஞ்சல் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். டீக்கடையில் பிளான் படிப்பது எப்படி என்று பாடமே எடுத்தார். அவரோடு வருகிற கண்டக்டர் ஆண்டவர், தன் தம்பி வீட்டுப் பிளானையே கொண்டுவந்து கொடுத்து அர்த்தம் கேட்டார். இவரும் அலுக்காமல் சொன்னார். அந்த வீடு பிறகு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அய்யம்பெருமாளின் புளுகு வைகாசியில் பூமி பூஜை போடுகிற நாள் வரைக்கும் தாக்குப்பிடித்தது.

அன்றைக்குக் காலையில் மேஸ்திரி உத்திராபதி தன்னிடமிருந்த பிளானை வைத்துக்கொண்டு முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தார். பூஜை முடிந்ததும் அந்தக் கோட்டில்தான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டில் எந்த வீடும் கோழிக்கூடு மாதிரிதான் தெரியும்.

"ஏன் மாமா, இந்த ரூம்புல நீங்க படுத்தா காலு அடுத்த ரூம்புலல்ல இருக்கும்?" என்றான் பூமாலை.

"செவுரு எழும்பட்டும், அப்பறம் பேசு மாப்ள" என்று அதட்டிவிட்டு, அய்யம்பெருமாள் மஞ்சள் பூசிய தன் பிளானைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டோரம் ஒரு மூலையில் நின்று உறவினர்களுக்கு ஊஞ்சல் எந்தப் பக்கமாக ஆடும் என்று கைவீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன பாத்திரங்கள் லோடு வண்டியில் வந்து சேர்ந்தன. ஊரே குட்டியானை என்று கூப்பிடுகிற சின்ன வண்டி. முன்சீட்டிலிருந்து புவனேஸ்வரி இறங்கினாள். கல்யாண வீட்டிலிருந்து நேராக வருகிறாள், தலையில் வாடிய முல்லை, முகத்தில் தூக்கமில்லை, ஆனாலும் சிரிப்பு இருந்தது. மனையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். கட்டுவதற்கு முன்னாலேயே ஒருதரம் சரிபார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, வண்டியத் திருப்பிப் பின்னாடியே எடுங்க. ரூமு இங்கதான் வருது. எவ்ளோ கிட்ட நிக்கும்னு பாத்துருவோம். வாங்க, வாங்க, வரட்டும், வரட்டும்..."

குட்டியானை பின்னாலேயே வந்து முதல் கோட்டைத் தாண்டியது. இரண்டாவது கோட்டின் மேல் ஏறியது.

"யம்மா! யம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் உத்திராபதி. "ஹால்ல கொண்டாந்து வண்டிய ஏத்துறியே, இது என்னா கூத்து!"

"ஹாலா? ஸ்டோர் ரூமுங்க இது."

"ஸ்டோரு பின்னாலல்ல இருக்கு. அந்தா, கொல்லப்பக்கம்."

எல்லோரும் அய்யம்பெருமாளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. ஆனாலும் அவர் அசரவில்லை. "மேஸ்திரி தலைகீழாக் கோடு போட்டுட்டாரு" என்று அறிவித்துவிட்டுத் தன் பிளானை வண்டியின் பானட் மேல் விரித்தார். "பாருங்க. இந்தா கீழ ரோடு. இந்தா ஸ்டோரு. இந்தா ஊஞ்சலு."

உத்திராபதி பிளானைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஊஞ்சல் கட்டத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிப்பை அடக்குவதற்காகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் மேகலாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. நடந்ததைக் கேட்டுக்கொண்டு, அவள் குனிந்து பிளானின் மேல் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். காய்ந்த மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்கடியில் ரோடு இருந்தது.

"சார்," என்றாள் மேகலா, மிகவும் மரியாதையாக. "ரோடு மேல இருக்குங்க சார். நீங்க கொல்லைப்பக்கத்தை ரோட்டுப் பக்கம்னு நெனச்சிருக்கீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருப்பீர்கள். இங்கே பிள்ளையார் சுழியே அந்த வேலையைச் செய்துவிட்டது.

"அப்ப இந்தப் புள்ளிக் கட்டம்?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"அது செப்டிக் டேங்க் அக்கா."

பூமாலை, "மாமா, நீங்க ஊஞ்சல்ல ஒக்காந்து வீசி வீசி ஆடுங்க. கீழருந்து வாசம் தூக்கும்" என்றான். அதோடு போயிற்று. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஐயர் மந்திரப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கோட்டுக்கு வெளியே நின்ற கொத்தனார்கள் அடக்கவே முயலவில்லை. வாட்ஸப் குரூப்பில் போட்ட சிவப்பு வட்டம் அய்யம்பெருமாளின் ஞாபகத்துக்கு வந்தது.

சிரிக்காமல் இருந்தது புவனேஸ்வரி மட்டும்தான். அவள் வண்டியிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினாள். முந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அண்டா அது. அதை விளிம்பில் நிறுத்தி, சக்கரம்போல உருட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனாள். பின்னால் எல்லோரும் போனார்கள். ஸ்டோர் ரூமுக்குக் கதவு வருகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு கொஞ்சம் விட்டிருந்தது. அந்த இடைவெளியில் அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். அண்டா இரண்டு பக்கமும் கோட்டை அழித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"போவாதுங்க" என்றாள் யாரையும் பார்க்காமல்.

மேகலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவ்வளவு பெரிய அண்டா வீட்டுக்கு எதுக்குங்கக்கா?"

"வாடகைக்கு விடறேன்ம்மா. அந்த வண்டி முழுக்க என்னுதுதான். இன்னும் ரெண்டு வண்டி வூட்டுல கெடக்கு."

"அப்படியா? சார் நீங்க வீட்லதான் இருக்கீங்கன்னு சொன்னாரே. நான் சமையல் சாமான் வைக்கத்தான் கேட்கறாருன்னு நெனச்சு..." மேகலா பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

புவனேஸ்வரி கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அய்யம்பெருமாள் சமாளித்திருப்பார்.

"ஆமாம்மா" என்றாள். "நான் வூட்டுலதான் இருக்கேன். அண்டாதான் ஊரு ஊராப் போவுது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். புவனேஸ்வரி புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"பூசையப் போடுங்க சாமி. ரூமு பின்னாலயே இருக்கட்டும், கதவ மட்டும் கொஞ்சம் அகலமா வெச்சுக் குடுத்துருங்க மேஸ்திரி. இத்தன நாளு சந்துல தூக்குனேன். இனிமே வூட்டச் சுத்தித் தூக்கறேன், என்ன இப்ப?"

அவள் அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்பது அய்யம்பெருமாளுக்கு விளங்கியது. இத்தனை சனத்துக்கு முன்னால் இன்னும் ஒரு வார்த்தை நீளக் கூடாது என்று, தான் கேட்ட அந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்கிறாள். தலையை ஆட்டினால் போதும். எல்லாம் முடிந்துவிடும். தலையாட்டுவதில் அவருக்கு நல்ல பழக்கமும் இருந்தது. 'இன்ஜினியரம்மா சரியாச் சொல்லல' என்று ஒரு வரி வேறு நாக்கு நுனிவரை வந்து நின்றது. நான் சொன்ன இடத்தில் நீ திரும்பவில்லை என்கிற அதே பழைய வரிதான், சட்டை மட்டும் வேறு.

அவர் கண் அண்டா மேல் இருந்தது. கழுவி வந்த அண்டாவின் விளிம்பில், பாத்திரக் கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர் வெயிலில் தெரிந்தது. அ. புவனேஸ்வரி. அந்த 'அ' அவருடைய எழுத்து. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற குண்டான் முதல் குளிக்கிற இடத்தில் கிடக்கிற கரண்டி வரைக்கும் அந்த 'அ' இருக்கிறது. எத்தனை ஊர் அடுப்படியில் அவள் அவருடைய எழுத்தை முன்னால் வைத்துத் தன் பெயரைக் கொண்டுபோயிருக்கிறாள்! அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டபோது அவர் என்ன சொன்னார்? அய்யம்பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. செப்டிக் டேங்க் வெட்கம் இல்லை அது. அது காதோடு போய்விட்டது. இது நெஞ்சில் நின்றது.

"நிறுத்துங்க" என்றார்.

பஸ்ஸில் விசில் அடிக்காமலே வண்டியை நிறுத்துகிற குரல். எல்லோரும் நின்றார்கள்.

"எனக்கு பிளான் படிக்கத் தெரியாது."

பூமாலை வாயைத் திறந்தான். அவன் அக்கா ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"அன்னைக்கே ஒண்ணும் புரியலம்மா. நீ கேட்டப்பல்லாம் புரிஞ்சுதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் வேற வெளக்கம் சொன்னேன்." கண்டக்டர் ஆண்டவர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பது தெரிந்தது. "ஆண்டவரே, ஒந்தம்பி வூட்டு பிளானையும் போயி இன்ஜினியருகிட்ட நல்லாக் கேட்டுக்க." ஆண்டவருக்கு முகம் வெளுத்தது. "அப்பறம், அது பொய்யிம்மா, இவ வூட்டுல இருக்கான்னு சொன்னது. தொழில் பண்ணுது. சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணச் சோறும் இவ அண்டாலதான் வேவுது. ரோட்டுப் பக்கம் ரூமு கேட்டது இவதான். நான்தான் அத உங்கிட்ட சொல்லவே இல்ல. மொதல்லருந்து போடு. அண்டா நேராப் போவணும். ஊஞ்சல் எனக்கு வேணாம்."

சொல்லி முடித்ததும் வியர்த்துப்போயிருந்தது. மலைப்பாதையில் பஸ்ஸைப் பின்னால் எடுத்திருந்தால்கூட இவ்வளவு வியர்த்திருக்காது.

மேகலாதான் முதலில் பேசினாள். "நானும் அக்காவை ஒருதரம் நேர்ல கூப்பிட்டுக் கேட்டிருக்கணும் சார். பூஜை போடலாம், ஈசானிய மூலை எங்கயும் போயிடாது. தோண்டறத மட்டும் நிறுத்திப்போம். நல்லவேளை, இன்னும் சுண்ணாம்புதான். காத்தடிச்சாப் போயிடும்."

உத்திராபதி காற்றுக்குக் காத்திருக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்தார்.

பூஜை நடந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. புவனேஸ்வரி அவருக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, உதட்டை அசைக்காமல், "செப்டிக் டேங்கு மேல ஊஞ்சலு" என்றாள். அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தாள். பிளாஸ்திரி போட்ட தோளும் சேர்ந்துதான் குலுங்கியது.

புதுப் பிளான் தயாரானதும் மேகலா இரண்டு பேரையும் வரச் சொன்னாள். கிளம்பும்போது புவனேஸ்வரி கணவனின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே இருந்த மஞ்சள் பொட்டலத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை மேகலாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தது அவள்தான். அய்யம்பெருமாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாருக்காக ரோட்டைக் கீழ் பக்கமே கொண்டு வந்துட்டேன்" என்றாள் மேகலா. "இது அக்காவோட ரூம். கதவு கிடையாது, ஷட்டர். வண்டி நேரா வந்து நிக்கலாம். உள்ளேருந்து வீட்டுக்குப் போக இந்தப் பக்கம் தனிக் கதவு."

புவனேஸ்வரி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். தண்ணீர் எங்கே போகும், தாம்பாளத்துக்குப் பரண் உண்டா, மழை அடித்தால் சாரல் உள்ளே வருமா. மேகலாவும் ஒவ்வொன்றையும் பேனாவால் காட்டிக்கொண்டே வந்தாள். புவனேஸ்வரியின் விரல் பேனாவுக்குப் பின்னாலேயே நடந்து, வீடு முழுக்கப் போய்வந்தது. ஒரு தடவைகூட அது வழி தவறவில்லை.

கடைசியில் மேகலா நிமிர்ந்தாள். பழக்க தோஷம், அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"புரிஞ்சுதுங்களா சார்?"

அய்யம்பெருமாளின் தலை ஆட்டத்துக்குத் தயாரானது. பாதி ஆட்டத்தில் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"புரியலம்மா" என்றார்.

அந்தச் சொல்லைத் தன் கணவன் வாயால் புவனேஸ்வரி கேட்டதே இல்லை. அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ரோட்டின் மேல் வைத்தாள்.

"இங்கருந்து ஏறுங்க" என்றாள். "மெதுவா வாங்க. நான் சொல்ற எடத்துல திரும்பணும்."